மூன்று அங்குலம்

குழல் நாற்பத்திரண்டு அங்குலம்.
துளை மூன்று.
அதற்குமேல் ஒரு நூல் இறங்கினாலும்
அது வேறு பொருள், நீ வேறு ஆள்
என்றான் பூன் ஹாக். சிரிக்கவில்லை.

அவன் படத்தில் வேட்டைக்காரன் ஒருவன்
நெட்டைத் துப்பாக்கியோடு பினாங்குமலை மழையில்
வழி தவறி நடக்க வேண்டுமாம்.
ஏன் என்று கேட்கவில்லை.
முன்பணம் வந்திருந்தது.

பாயான் லெப்பாசில் இருபத்தாறு வருடம்
அச்சு செய்தவள் நான்.
ஒரு தலைமுடியை எழுபதாய் வகுத்து
அதில் இரண்டைத் தள்ளு என்பார்கள்.
தள்ளுவேன்.
மரத்திடம் அது நடக்காது.
மரம் காலையில் ஓர் அளவு சொல்லும்,
மழை விட்டதும் இன்னொன்று.

ஜெலுத்தோங்கில் படகு பிரிக்கும் சவரிமுத்து
தெம்புசுப் பலகை ஒன்று கொடுத்தார்,
ஆணித் துளை இரண்டோடு.
மறைக்காதே என்றார்.
மறைத்தேன்,
லோரோங் கூலிட் சந்தையில் எட்டு வெள்ளிக்கு வாங்கிய
பித்தளைக் குழாய்மூடியைத் தட்டிப் பரப்பி,
பிறையாய் வெட்டிப் பதித்து.

உருளை இரும்பை அரத்தால் எட்டுப் பட்டையாக்கினேன்.
விளக்குக் கரி பூசிக் கட்டையில் அழுத்தி எடுத்தால்
இடிக்கிற இடம் கறுப்பாய்த் தெரியும்.
அதை மட்டும் சுரண்டு.
மறுபடி கரி. மறுபடி அழுத்து.
பதினொரு நாள்.
பன்னிரண்டாம் நாள் பள்ளம் முழுக்கக் கறுப்பு.
தலைகீழாய்ப் பிடித்தேன்.
குழல் விழவில்லை.

விசைக்குள் வைக்கும் வில்
லோரியின் பழைய பட்டையில் அறுத்தது.
சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி,
நீலம் ஏறும்வரை மெல்லச் சூடு காட்டி,
முதல் வில் ஒடிந்தது.
இரண்டாவது ஒடிந்து ஜன்னலில் பட்டது.
மூன்றாவது வளைந்தது, போனது போனதுதான்,
திரும்பவில்லை.
என் வீட்டிலும் ஒருவர் அப்படி இருந்தார்.
நான்காவது நின்றது.

குழலைப் பழுப்பாக்க
அமிலம் வேண்டும், ஈரப்பெட்டி வேண்டும்
என்று போட்டிருந்தது புத்தகத்தில்.
நான் ஜன்னலைத் திறந்து வைத்தேன்.
உப்புக்காற்றுக்குச் சம்பளம் இல்லை.
இரவெல்லாம் அது துரு ஏற்றும்,
காலையில் சாக்குத்துணியால் நான் தேய்ப்பேன்.
ஆறாம் நாள் தே ஓ நிறம்.

வேட்டைக்காரனாய் நடிப்பவர்
நீச்சல் கற்றுத்தரும் ஓர் ஆஸ்திரேலியர்.
தூக்கிப் பார்த்து, எத்தனை குண்டு என்றார்.
ஒன்று, என்றேன்.
அடுத்ததைத் திணித்து முடிக்கும் அரை நிமிடம்
நீங்கள் வெறும் ஆள்.
அதற்குப் பிறகு
அதைக் கொஞ்சம் தள்ளியே பிடித்துக்கொண்டார்.

சார்ஜன் ஹஸ்னா வந்தது வியாழக்கிழமை,
மழைக்கோட்டு சொட்டச் சொட்ட,
ஒரு டார்ச், ஒரு படிவம்.
திணிகோலை உருவி வாயில் விட்டார்.
மூன்று அங்குலத்தில் டக்.
இன்னொரு முறை.
டக்.
எழுதினார், கையெழுத்துப் போட்டார், மூடினார்.
மூடிய பிறகு கேட்டார்:
கல் வேலை செய்யுமா?

குதிரையை முழுக்க இழுத்தேன்.
நான்காவது வில் விரலில் கனத்தது.
விட்டேன்.
மருந்தில்லாக் கிண்ணத்தில் பொறி கொட்டியது,
ஐந்தாறு.
தெறித்த ஒன்று படிவத்தின் ஓரத்தைப்
புள்ளியளவு பொசுக்கியது.
சார்ஜன் அதைப் பார்த்தார்.
விரலால் துடைத்தார்.
இன்னொரு தடவை, என்றார்.

கிண்ணத்திலிருந்து குழலுக்குள் தீ போகும்
ஊசித் துளையை நான் போடவில்லை.
இரண்டு மில்லி ட்ரில் பிட்
இழுப்பறையில் இருக்கிறது, உறை பிரிக்காமல்.
இடத்தை மட்டும் ஊசியால் கீறியிருந்தேன்.
கை பழக்கம்.
அன்றிரவு அதையும் தேய்த்தேன்,
மேலே மறுபடி துரு ஏற விட்டேன்.

போய்விட்டது.
மைக்ரோன் கணக்கில் பார்க்கிறவளுக்கு
இன்னும் தெரிகிறது.